ஜெனாட்டின் இரண்டாவது சாவு

மகள் கத்தரின்,

நான் பெரும் புளுகன் என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு கொடுவா பிடித்த கதையைச் சொல்லத் தொடங்கினால், முடிக்கும்போது மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் இராது. மீன் ஒன்றுதான் கிடக்கும். எண்பத்தொரு வயதில் எனக்கு மிஞ்சியிருக்கும் உடற்பயிற்சி அது ஒன்றுதான். என் முழங்காலைப் பார்க்கும் டாக்டர்கூட, "மிஸ்டர் சீனித்தம்பி, முதலில் கதை, பிறகு கால்" என்பார். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் முகத்தில் தெரியும்.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு நினைவு மலர் அடிக்கிறாய். பதினெட்டு வயதுப் படத்திலிருந்து எண்பத்திரண்டு வயதுப் படம் வரை வரிசையாகப் போட்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் போட்டு, கடைசிப் பக்கத்தில் "இவர்தான் அந்த ஜெனாட், இதற்கு நான் சாட்சி" என்று என் கையெழுத்தையும் போடவேண்டும் என்றாய். இங்கே மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பகுதித் தமிழ்ச் சனம் முழுவதற்கும் அதைக் கொடுக்கப்போகிறாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பக்கத்தை என்னால் எழுத முடியாது. அந்த மலரும் வெளிவரக்கூடாது. ஏன் என்று நான் சொல்லி முடித்தபின் நீயே முடிவெடு.

உன் அப்பாவை அவன் இவன் என்று எழுதுவதற்குக் கோபிக்காதே. ஜெனாட்டுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம்.

1961. அமெரிக்காவில் இடுப்பை ஆட்டிப் பாடும் பொடியன்கள் உலகத்தைக் குப்புறப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அந்த ரொக் அன் ரோல் கொழும்பு வானொலியின் ஆங்கில சேவை வழியாக, பாதி பாட்டும் பாதி இரைச்சலுமாக வந்து சேர்ந்தது. ஜெனாட் இரைச்சலையும் சேர்த்துப் பாடுவான். இங்கிலீஷ் விளங்காத இடங்களில் தமிழைப் போட்டு நிரப்புவான். ஒருமுறை காதலியைப் பிரிந்த துக்கப் பாட்டுக்குள் கீரிமீன் வந்துவிட்டது. அவனுடைய அப்பாவோ கோயிலில் மணியடிப்பவர். ஆகவே வீட்டில் மெழுகுதிரித் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை உருக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து முன்மயிரை ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பி நிறுத்துவான். மேடையில் வெக்கை ஏற ஏற மெழுகு இளகி நெற்றியில் வடியும். அந்தப் படத்தை நீ பார்த்திருக்கிறாய். பக்கத்தில் பிஸ்கட் தகரத்தைத் தொடைக்கிடையில் வைத்துத் தட்டிக்கொண்டு நிற்கும் காது பெரிய பொடியன் நான். நினைவஞ்சலிக்காகப் படத்தைப் பெரிதாக்கியபோது என்னை வெட்டிவிட்டார்கள். வெட்டச் சொன்னது நான்தான். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தகரம் எதற்கு.

பாடசாலை மண்டபத்தில் ஒரு கச்சேரி வைத்தான். கொழும்பு வானொலி ஒருநாள் கூப்பிட்டது, போய்ப் பாடினான். அவ்வளவுதான். பிறகு ஐஸ் கொம்பனி லொறி ஓட்டப் போனான். நான் எண்பத்தாறில் மொன்றியலுக்கு வந்தேன்.

சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலை. மருந்துக் குளிசைப் பெட்டிகளை மடித்து ஒட்டும் வேலை. இருபத்தாறு வருடம் ஒட்டினேன். சாப்பாட்டு மேசையில் ஹெயிட்டிக்காரர் ஹெயிட்டியைப் பற்றிக் கதைப்பார், போர்த்துக்கீசர் மீனைப் பற்றிக் கதைப்பார், நான் என் சோற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் கதைப்பதற்கு எரிந்த வீடும் ஓடிய சனமும்தான் இருந்தன. அதை மதியச் சாப்பாட்டோடு யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் வானொலியில் பழைய ரொக் அன் ரோல் பாட்டொன்று போனது. இந்தப் பாட்டுப் பாடிய மாதிரி என் சிநேகிதன் ஒருவன் பாடுவான் என்றேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்த ஒரு நிமிடத்தை உனக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு என் பக்கம் முகங்கள் திரும்பின.

நாற்பது பேர் வந்த கச்சேரி அன்று நானூறு பேரானது. அடுத்த கிழமை நாலாயிரம். ஆளுநரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினா. மூன்று கன்னியாஸ்திரிகள் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி மடத்துக்குத் திரும்பவேயில்லை. இசைத்தட்டு இந்தியாவரை போனது. கொழும்பிலிருந்து வந்த கடுகதி ரயில் அவன் பாட்டு முடியும்வரை ஸ்டேசனில் நின்றது. எவ்வளவு பெரிதாகச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு நம்பினார்கள்.

மேசையில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். அந்தக் காலத்துப் பாட்டென்றால் உயிர். அவர் கேட்டார், இப்போது அவன் எங்கே என்று. ஐஸ் லொறி ஓட்டப் போனான் என்று என்னால் சொல்லமுடியவில்லை. கிழவர் தானாகவே சொன்னார்: அந்தக் காலத்துப் பாடகர்களில் விமானம் விழுந்து இருபத்திரண்டு வயதில் போனவன்தான் இன்றைக்கும் இருபத்திரண்டு வயதில் பாடிக்கொண்டிருக்கிறான், மிஞ்சியவர்கள் கொழுத்துப்போய்ச் சோப் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்று. நான் இரண்டு நாள் யோசித்தேன்.

உண்மையில் தொண்ணூறுக்குப் பிறகு ஜெனாட்டிடமிருந்து கடிதம் இல்லை. போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. செத்துப்போனான் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொண்ணூறில் சண்டையில் செத்தவர்கள் கனபேர், மகள். அவர்களுக்காக யாரும் கரண்டியைக் கீழே வைக்கமாட்டார்கள். ஆகவே அவன் சாவை அறுபத்துநான்குக்கு நகர்த்தினேன். பூரணை நாள். கல்லடிப் பாலம். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள், முதுகில் கிற்றார். பாலத்தின் நடுவில் மெழுகு இளகிக் கண்ணுக்குள் போனது. உடல் கிடைக்கவில்லை, கிற்றார் மட்டும் மிதந்தது, எங்கள் வாவியின் பேர்போன பாடும் மீன்கள் மூன்று நாள் பாடவில்லை. இத்தாலியக் கிழவர் அழுதார். நானும் அழுதேன். அது புளுகல்ல.

ஓய்வு பெற்றபின் செயின்ட்-மிஷேலில் கோயில் நிலவறை மண்டபத்தில் அதை ஒரு நிகழ்வாக்கினோம். தை மாதக் கடைசி ஞாயிறு, பகல் இரண்டு மணி. படத்துக்கு மாலை, விளக்கு, இரண்டு நிமிட மௌனம், என் பேச்சு நாற்பது நிமிடம், பிறகு ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி, பிறகு ஆட்டம். நூற்றிருபது பேர் வருவார்கள். எல்லாருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது. பாட்டுப் போட்டால் அதையும் மறந்து ஆடுவார்கள். றோஸ்மேரி என்று ஒருத்தி, நீ கண்டிருக்கிறாய், அறுபத்தொன்றில் தானும் மயங்கி விழுந்ததாகச் சொல்லுவா. அப்போது அவவுக்குப் பதின்மூன்று வயது, யாழ்ப்பாணத்தில் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தா. நான் திருத்தவில்லை. மயங்கி விழ ஓர் இடம் எல்லாருக்கும் வேண்டும்.

எனக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான். மனைவி போய்விட்டா. மகன் அல்பேர்ட்டாவிலிருந்து நத்தார் பண்டிகைக்கு இங்கிலீஷில் மூன்று நிமிடம் கதைப்பான். மிச்சம் முந்நூற்றுச் சொச்ச நாளும் அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் எழும்பினேன்.

அப்பாவை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்ட பிறகு, கார்த்திகையில் நீ போன் எடுத்தாய். தமிழ்க் கடையில் அறுபத்திரண்டாம் ஆண்டு நினைவஞ்சலித் துண்டுப்பிரசுரத்தையும் அதில் என் போன் நம்பரையும் கண்டதாகச் சொன்னாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய்.

"அங்கிள், நீங்க மாலை போட்டிருக்கிற ஆள் இப்ப என்ட வீட்டு சோபாவில இருந்து பழப்புளிச் சோறு சாப்பிடுறார். கதைக்கிறீங்களா?"

நான் போனை வைத்தேன். நேரே வந்தேன். மெற்றோ, பஸ், பிறகு இன்னொரு பஸ். நீ இருக்கும் புவாண்ட்-கிளேருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வழிநெடுக, இது வேறு யாரோவாக இருக்கவேண்டும் என்று உங்கள் அந்தோனியாருக்கும் எங்கள் பிள்ளையாருக்கும் சேர்த்து நேர்ந்தேன். இருவரும் கேட்கவில்லை. தலையில் ஒரு மயிர் இல்லை, இரண்டு காதிலும் மெஷின், கட்டுப்பல். ஆனால் அந்தக் கண். என்னைக் கண்டதும் எழும்ப முயன்று சோபாவிலேயே திரும்ப விழுந்து சிரித்தான்.

"சீனி! நீ இன்னும் சாகலையாடா?"

தான் செத்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன். மோட்டார் சைக்கிளுக்குச் சிரித்தான், மீனுக்குச் சிரித்தான், மெழுகு கண்ணுக்குள் போன இடத்தில் கட்டுப்பல் கழன்றுவிட்டது. பிறகு நீ தேத்தண்ணீர் போட உள்ளே போனபோது ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினான். கச்சேரிக்கு வந்தது நாற்பது பேர், அதில் பாதி கன்னியாஸ்திரிகள். அவர்களும் ரிக்கற் கிழித்துக் கொடுக்க வந்தவர்கள். யாரும் மயங்கவில்லை, ஒருத்தருக்கு மட்டும் வயிற்றோட்டம். வானொலியில் ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், பாதியில் போதும் என்றார்கள். இசைத்தட்டு இல்லை. ஆளுநரின் மனைவியை அவன் தபால் முத்திரையில்கூடக் கண்டதில்லை. எல்லாவற்றையும் வருத்தமே இல்லாமல் சொன்னான். தன் வாழ்க்கை நாற்பது பேர் அளவுதான் என்பதில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதனோடு எப்படிக் கதைப்பது.

பிறகு தான் வந்து பாடவேண்டும் என்றான்.

அவனுடைய நிலைமை உனக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரியும். நீ விடிய ஆறு மணிக்கு வெயர்ஹவுஸுக்குப் போனால் பின்னேரம் ஐந்துக்கு வருவாய். பிள்ளைகள் பிரெஞ்சில் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். பதினொரு மணி நேரம் அவன் ஜன்னலில் நின்று பனி வழிக்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சாரதிக்குக் கை காட்டுவானாம். ஒருநாள் அவனும் திருப்பிக் காட்டினானாம். அதை எனக்கு நாலுதரம் சொன்னான். அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பிரிட்ஜில் ஒட்டிவைத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். நான் விழுந்தேன், கத்தரின். இதை நீ நம்பவேண்டும். மார்கழியில் மூன்றுதரம் வந்து கெஞ்சினேன். ஜெனாட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வந்து பாடு என்றேன். அப்பன் கோயிலில் மணியடித்தவர், பேர் மாத்தமாட்டேன் என்றான். சரி, நீயாகவே வா, பாலத்திலிருந்து விழுந்து நீந்திக் கரைசேர்ந்தாய் என்று சொல்வோம், கதை இன்னும் பெருக்கும் என்றேன். எனக்கு நீச்சல் தெரியாதே என்றான். கடைசியில் வாய்விட்டே கேட்டேன்: நீ வந்தால் பதினான்கு வருடம் அவர்களிடம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும், அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்தப் படியிறங்குவேன் என்று. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நான் உன்னைக் காட்டிக்குடுக்க வரல்ல. ஒருக்காப் பாடணும், அவ்வளவுதான். ஆக்கள் கேட்டா உள்ளதைச் சொல்லுவன். எனக்குப் பொய் ஏலா. சொன்னதை ஞாபகம் வச்சிருக்கத் தலை இல்ல."

அவனில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதுதான் வேறு வழியில்லாமல் செய்தது. கெட்டவனாக இருந்திருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

தை பிறந்ததும் உனக்கு இரண்டுதரம் போன் எடுத்தேன், நினைவிருக்கும். அப்பா என்னை வேறு பெயரில் கூப்பிடுகிறார் என்றேன். செயின்ட்-மிஷேலுக்குத் தானே பஸ்ஸில் வருவேன் என்று அடம்பிடிக்கிறார், கவனம் என்றேன். நீ பயந்து டாக்டரிடம் நாள் எடுத்தாய். அவன் என்னை ஒருநாளும் வேறு பெயரில் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை. குடை கொண்டுபோகிறவன் மழையைத் திட்டமிட்டவனா.

அந்த ஞாயிறு நீ வேலைக்குப் போனாய். அவனை நான் கூட்டிவருவதாகவும் நாலு மணிக்கு நீ நேரே மண்டபத்துக்கு வருவதாகவும் ஏற்பாடு. குளிர் கழித்தல் இருபத்தேழு. பதினொன்றரைக்கு நான் வந்தபோது வீட்டில் அவன் மட்டும்தான்; கூட்டிப்போனேன். நீ வாங்கிக்கொடுத்த நீலப் பளபளப்புச் சட்டை, தோல் அடி வைத்த சப்பாத்து, மேலே உன் கணவரின் பெரிய கோட். மெற்றோவில் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு வந்தான். எதிரில் இருந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு மெல்லப் பாடிக் காட்டினான். அது கை தட்டியது. நாற்பத்தோராவது ரசிகை என்றான்.

மண்டபத்தின் பின்பக்கம் சந்து மாதிரி ஓர் ஒழுங்கை இருக்கிறது. அதிலிருந்து ஆறு படி கீழே இறங்கினால் ஓர் இரும்புக் கதவு. உள்ளேயிருந்து தள்ளினால்தான் திறக்கும். வெளியே கைபிடி இல்லை. நட்சத்திரங்கள் பின்கதவால்தான் வருவார்கள், முன்பக்கத்தால் போனால் சனம் பிய்த்து எடுத்துவிடும், உன் பெயரைச் சொன்னதும் நானே கதவைத் திறப்பேன் என்றேன். அவனுக்கு அது பிடித்துக்கொண்டது. அமெரிக்கக்காரரும் அப்படித்தான் செய்வார்கள் என்றான். முன்பக்கம் வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று மட்டும் இரண்டுதரம் சொன்னேன். பாடும்போது விசிலடிக்கும் என்று காதிலிருந்த மெஷின்களைத் தானே கழற்றிக் கோட் பைக்குள் போட்டான். போனும் அதற்குள்தான் இருந்தது.

"கோட்டைத் தா, கொழுவி வைக்கிறன்" என்றேன். "கோட்டோட மேடை ஏறினா பனி வழிக்க வந்தவன் எண்டு நினைப்பாங்க."

சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தான். ஒன்றே முக்கால் மணி.

இரண்டு மணிக்குத் தொடங்கினோம். விளக்கேற்றினோம். மௌனத்துக்கு எல்லோரும் எழும்பினார்கள். எழும்பவே ஒரு நிமிடம் எடுக்கும் கூட்டம். தலை குனிந்து நின்றபோது பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மூன்று தட்டு, மரியாதையாக. பிறகு தாளம் போட்டுத் தட்டினான். நான் அந்தக் காலத்தில் பிஸ்கட் தகரத்தில் போடும் தாளம். வந்திருப்பது தான்தான் என்று எனக்கு அடையாளம் சொல்கிறான் போலிருக்கிறது. நூற்றிருபது பேர் அவன் படத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார்கள், அவன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். உலகத்தில் வேறெந்தப் பாடகனுக்கும் அப்படியொரு அஞ்சலி நடந்திருக்காது. இதைக் கூட்டிச் சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை.

றோஸ்மேரி என் பக்கம் சரிந்தா. "சீனி அண்ணை, பின்னால ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு."

"ஹீற்றர் குழாய்" என்றேன். "குளிருக்கு அப்பிடித்தான் அடிக்கும்."

இரண்டு நிமிட மௌனத்தை ஒன்றரையில் முடித்துவிட்டு மைக்கை எடுத்தேன். பேச்சு அன்று ஒரு மணி நேரம் போனது. பதினான்கு வருடத்தில் அப்படிப் பேசியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பாலத்திலிருந்து அவன் விழும் இடத்தில் கதிரைகள் அழுதன. பிறகு பாட்டைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள்.

நாலு மணிக்கு நீ வந்து அப்பா எங்கே என்றாய். வரவில்லையே, நான் வந்து தட்டினேன், கதவு திறக்கவில்லை, குளிரென்று நீதான் மறித்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றேன். ஒழுங்கையில் நாயைக் கூட்டிவந்த ஒருவர்தான் அவனைக் கண்டு முன்பக்கம் ஓடிவந்து சொன்னார். எல்லோரும் ஓடினார்கள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடி அவன்மேல் போர்த்தினேன். நான் அதைப் பனிக்குள்ளிருந்து எடுத்தேன் என்று நீ நினைத்தாய்; பொலிஸும் அப்படித்தான் எழுதினார்கள். விறைத்துச் சாகிறவர்கள் கடைசி நேரத்தில் உடம்பு எரிகிறது என்று உடுப்பைக் கழற்றுவார்கள் என்று அந்தப் பொலிஸ்காரர் உனக்கு விளக்கினார். அது சரியான தகவல்தான். நானும் வாசித்திருந்தேன், மார்கழியில்.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். செத்தவீட்டில் நீ எல்லோருக்கும் சொன்னாய், இவர்தான் அந்த ஜெனாட் என்று. யாரும் நம்பவில்லை. றோஸ்மேரி உன் தலையைத் தடவி, "பாவம் பிள்ளை, கடைசிக் காலத்தில அப்பாவுக்கு அப்பிடியொரு நினைப்பு வந்திட்டுது" என்று சொன்னா. நீ கத்தினாய். என்னைப் பார்த்தாய். நான் குனிந்து நின்றேன். அதற்காகத்தான் இந்த மலர், பிறப்புச் சான்றிதழ், படவரிசை எல்லாம்.

அதை அடிக்காதே, மகள். உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தப் படவரிசையை ஒருமுறை என் கண்ணால் பார். முதல் படத்தில் ஒரு சாண் மயிரோடு ஒரு ராசகுமாரன். பிறகு லொறிச் சாரதி. பிறகு வழுக்கை, பிறகு காது மெஷின், பிறகு சோபாவில் பழப்புளிச் சோறு. நூற்றிருபது பேரும் ஆளுக்கொரு பிரதியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த தை அந்த மண்டபத்தில் யார் ஆடுவார்கள். றோஸ்மேரி எங்கே போய் மயங்கி விழுவா. நாற்பது பேர் கேட்ட ஒரு பொடியனை நான் நாலாயிரம் பேருக்குக் கொடுத்தேன். அவன் தனக்கென்று செய்துகொள்ளாததை அவனுக்காக நான் செய்தேன். இதற்காக நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும். அதை வீணாக்காதே.

இந்தக் கடிதத்தைப் பொலிஸில் கொடுக்க விரும்பினால் கொடு. நான் மறுக்கமாட்டேன். எண்பத்தொரு வயதுக்காரனுக்கு மறியலில் சூடும் சாப்பாடும் இருக்கும், கதை கேட்க ஆளும் இருக்கும். மலரை மட்டும் நிறுத்து.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதும் மற்றவர்கள் ரோல்ஸ் எடுக்கப் போனார்கள். நான் சமையலறைக்குப் பின்னால் அந்தக் கதவடிக்குப் போனேன். தள்ளுகிற கட்டையில் கையை வைத்தேன். ஒரு பெலன் வேண்டாம். குழந்தை தள்ளினாலும் திறக்கும் கதவு. மறுபக்கம் அவன் தட்டுவதை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தான். காது கேளாதவன், தன் பெயரைச் சொல்லிவிட்டார்கள், கதவு மட்டும் இறுகிவிட்டது என்று நினைத்திருப்பான். இரும்புக்கு ஊடாகக் கேட்டாலும் அந்தக் குரலில் ஒன்றும் குறையவில்லை. முதல் பாட்டு முழுதும் பாடினான். இரண்டாவதில் சொற்கள் விறைத்தன. விறைத்த இடங்களில் தமிழைப் போட்டு நிரப்பினான். மூன்றாவது பாதியில் நின்றது. தொடர்கிறானோ என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகுதான் கையை எடுத்தேன்.

அவனுக்கு நான் துரோகம் செய்ததாக நீ எழுதக்கூடும். எழுதமுன் ஒன்றை யோசி, கத்தரின். அவன் கடைசிக் கச்சேரியை முழுவதும் கேட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். நடுவில் ஒருதரமும் நான் விலகிப் போகவில்லை.